வேலிக்குழை

மருதனார்மடத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்த நாலு பரப்பையும் காய்கறித் தோட்டமாக்குவது என்று தீர்மானமானதும், எல்லையைச் சரிபார்க்கப் பழைய உறுதியை வெளியே எடுத்தேன். எல்லை பார்த்து முடிந்தது. உறுதியைத் திரும்பப் பெட்டிக்குள் வைக்கத்தான் மனம் வரவில்லை. காணியின் அளவு அதில் வரகு விதைப்பில் எழுதப்பட்டிருந்தது.

யாழ்ப்பாணத்துக் கணக்கில் 16 பரப்பு ஓர் ஏக்கர். அது மேட்டு நிலத்துக்கு. வயலென்றால் 12 பரப்பிலேயே ஏக்கர் நிறைந்துவிடும். ஒரே பெயருள்ள அளவு நிலத்துக்கு நிலம் ஏன் மாறுகிறது என்று சின்ன வயதில் பெரியப்பாவிடம் கேட்டிருக்கிறேன். “அது விதையாலை அளந்த கணக்கு” என்றார். மேட்டு நிலத்தை வரகாலும் வயலை நெல்லாலும் அளந்தார்கள். உன் காணி எவ்வளவு பெரியது என்று கேட்டால், இவ்வளவு விதை பிடிக்கும் என்று பதில் சொன்ன மனிதர்களின் கணக்கு அது. எங்கள் ஊரில் யாரும் வரகு விதைத்து நான் கண்டதில்லை. இந்தச் செம்மண்ணில் இன்றைக்கு வெங்காயமும் கோவாவும் கறட்டும்தான். என்றாலும் நொத்தாரிசு வரகை விடவில்லை. மாடி வீடும் கட்டி, முற்றமெல்லாம் சீமெந்தும் பூசிய வளவு கைமாறும்போதுகூட இத்தனை பரப்பு வரகு விதைப்பு என்றே எழுதுகிறார். எனக்கு இதில் பெரிய சந்தோசம். பரப்பு என்ன விலை போகிறது என்பதைத் தவிர வேறு பேச்சில்லாத காலத்தில், நிலம் விதைப்பதற்கானது என்பதை ஒரு சட்டப் பத்திரமாவது மறக்காமல் வைத்திருக்கிறது.

உறுதியில் காணியின் அளவுக்குக் கீழே கிணறு. கிணற்றில் நாலில் ஒரு பங்கும், அதற்குப் போகும் வழியும், தண்ணீர் வரும் வாய்க்காலும் எங்களுக்கு உரித்து. ஓடுகிற ஆறு என்று சொல்ல ஒன்றுமில்லாத குடாநாட்டில் காணியை விடப் பெரிய சொத்து இதுதான். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை பெய்கிற மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, அடியில் கிடக்கும் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. அதைத்தான் குடிக்கிறோம், அதைத்தான் பயிருக்கும் இறைக்கிறோம். துலாவில் இறைத்த கடைசிக் காலத்தை நான் கண்டிருக்கிறேன். விடியப்புறம் இரண்டு பேர் துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடப்பார்கள். கிணற்றடியில் ஒருவர் பட்டையைப் பிடித்துக் கவிழ்ப்பார். தோட்டத்தில் பெரியப்பா மண்வெட்டியோடு நின்று ஒரு பாத்தி நிறைந்ததும் வாயை அடைத்து மற்றப் பாத்தியைத் திறப்பார். அடுத்த பங்காளியின் முறை வருவதற்குள் எல்லாம் முடிய வேண்டும்.

வேலியைப் பற்றி உறுதியில் அரை வரிதான் இருக்கிறது. எங்கள் காய்கறித் தோட்டம் அந்த அரை வரியில்தான் தொடங்குகிறது.

யாழ்ப்பாணத்து வேலி வெறும் மறைப்பு அல்ல. பூவரசு, கிளுவை, முள்முருக்கு, பிறகு வந்த சீமைக்கிளுவை என்று வெட்டி ஊன்றினால் தளிர்க்கிற தடிகளைக் கதியாலாக நட்டு, இடையில் பனையோலையோ கிடுகோ வைத்துக் கட்டுவார்கள். கோடையில் வேலி அடைப்பு வரும். புது ஓலை ஏறும். உக்கிப்போன பழைய ஓலை முழுவதும் தோட்டத்துக்குள் போகும். கான் வெட்டி அதைத் தாழ்த்து மண் மூடுவார்கள். கதியாலின் தலையை வெட்டினால் வண்டில் வண்டிலாகக் குழை. அதில் ஆட்டுக்குப் பிடித்தது ஆட்டுக்கு; அதுவும் எருவாகித் தோட்டத்துக்குத்தான் வரும். மீதி நேரே மண்ணுக்குள். புகையிலைத் தோட்டக்காரர் பூவரசங்குழைக்காக வேலி வேலியாக விலை பேசித் திரிந்ததை ஊரில் மூத்தவர்கள் இன்னும் சொல்வார்கள். ஒரு வளவின் நாலு பக்க வேலியும் அந்த வளவின் நடுவில் இருக்கும் பயிரை வருடம் தவறாமல் ஊட்டியது.

வேலியே தன்பாட்டில் ஒரு தோட்டமாகவும் இருந்தது. யாரும் நடாமலே முசுட்டை படரும், குறிஞ்சா படரும், தூதுவளை முள்ளோடு ஏறும். அம்மா ஒரு சுளகோடு போய் வேலியோரமாக நடந்து வந்தால் மத்தியானத்துக்கு ஒரு வறை முடிந்தது. இராசவள்ளிக் கொடியைச் சித்திரை, வைகாசியில் வேலியடியில் ஊன்றி விடுவார்கள். மாரி முடியக் கிண்டினால் ஊதா நிறத்தில் கிழங்கு. பாகல் அயல்வீட்டுப் பக்கம் போய்க் காய்த்தால் அவர்கள் பறித்துப் பொட்டுக்குள்ளால் தருவார்கள். வேலியின் பொட்டைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். ஒரு ஆள் குனிந்து போகிற அந்த ஓட்டைக்குள்ளால் போய்வந்த கறிச் சட்டிகளும் சண்டைகளும் சமாதானங்களும் படலையால் போய்வந்ததை விட அதிகம்.

சண்டை என்றதும் தேசவழமை நினைவுக்கு வருகிறது. யாழ்ப்பாணத்தவரின் வழக்கங்களைத் திரட்டித் தரும்படி ஒல்லாந்தர் கேட்டு, கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி 1707ஆம் ஆண்டில் எழுதிக் கொடுத்தார். பன்னிரண்டு முதலிமார் படித்துப் பார்த்துச் சரி என்றார்கள். சீதனம், முதுசம், அடைமானம் பற்றியெல்லாம் சட்டத்தரணிகள் அதைப் புரட்டுவார்கள். நான் அதில் தேடிப் போவது மரங்களின் பகுதிக்கு. ஒருவரின் நிலத்தில் இன்னொருவர் நட்டு வளர்த்தால் பலனில் யாருக்கு எவ்வளவு? எல்லையில் நட்ட மரம் வளர்ந்து அயலவர் வளவுக்குள் சாய்ந்தால் காய் யாருக்கு? ஆட்சி, நாணயம், மதம் எல்லாம் தலைகீழாகிக்கொண்டிருந்த ஒரு காலத்தில், வேலிக்கு மேலால் எட்டிப்பார்க்கும் ஒரு கொப்பைப் பற்றிப் பொறுமையாக உட்கார்ந்து யோசித்துத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள். இதைச் சின்ன விசயம் என்று நினைப்பவர் யாழ்ப்பாணத்தில் அயல் வைத்து வாழ்ந்தவராக இருக்க முடியாது. கொப்புக்கு நீதி கிடைக்காவிட்டால் குழைக்கும் கிடைக்காது. குழைக்குக் கிடைக்காவிட்டால் வேலியில் பச்சைத் தடி எதற்கு?

பச்சைத் தடி குறைந்ததற்கு ஒரு காரணம் மட்டும் இல்லை. எழுபதுகளில் சிறிமாவோ அரசாங்கம் மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது எங்கள் வலிகாமத்துத் தோட்டக்காரருக்குக் காசு கொட்டியது. கல்வீடும் உழவு இயந்திரமும் வந்தன. யூரியாவும் வந்தது. ஒரு பையைத் தோளில் கொண்டுவந்து விசிறினால் காரியம் முடிகிற இடத்தில், கொப்பேறிக் குழை வெட்டி, கட்டிச் சுமந்து, கான் வெட்டித் தாழ்ப்பதற்கு யார் இருக்கிறார்கள்? 1977இல் சந்தை திறக்கப்பட்டு விலை விழுந்தது. யூரியாப் பழக்கம் விழவில்லை. சுண்ணக்கல் வடிகட்டி அல்ல. மேலே போட்டதும் மாரியோடு கீழே போய்க் கிணற்றில் நிற்கும். வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருப்பதை எண்பதுகளிலிருந்தே அளந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கும் தண்ணீரைப் பற்றிய பேச்சு அது. இன்னும் போதிய அளவுக்கு நாங்கள் அதைக் காதில் வாங்கவில்லை என்பது எனக்குத் தீராத கவலை.

பிறகு போர். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமமே எழுந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தது. அடுத்த வருடம் நாங்கள் திரும்பி வந்தபோது வேலியில் ஓலை ஒன்றுகூட இல்லை. கட்டு வரிச்சும் இல்லை, விறகாகப் போயிருக்கும். கதியால் மட்டும் வெட்டுவார் இல்லாமல் ஆள் உயரத்துக்கு மேல் பச்சையாய்ச் சடைத்து நின்றது. அந்த வருடம் வாங்குவதற்குப் பசளையும் இல்லை, தண்ணீர் இறைக்கும் மிசினுக்கு மண்ணெண்ணெயும் இல்லை. அம்மா கொக்கத்தடியால் குழை இழுத்து முறித்து, கையால் கொத்திய இரண்டு பாத்திக்குள் தாழ்த்துக் கீரையும் கத்தரியும் வைத்தார். கிணற்றடியில் நின்று வாளியால் அள்ளி ஊற்றினோம். அந்தக் கத்தரிக்காயின் சுவையைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை. பசி எல்லாவற்றையும் ருசியாக்கும். ஆனால் கத்தரியின் இலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உள்ளங்கையை மூடுகிற அகலம், கரும்பச்சை, ஒரு பூச்சித் துளை இல்லை.

2009க்குப் பிறகு வெளிநாட்டுக் காசு வந்தது. மதில்கள் எழுந்தன. யாரையும் குறை சொல்ல முடியாது. ஓலை வெட்டப் பனையேற ஆள் இல்லை, அடைக்க ஆள் இல்லை, வளவில் இருப்பதற்கே ஆள் இல்லை. சீமெந்துக் கல்லில் ஒரு தடவை கட்டினால் வாழ்நாளுக்குப் போதும். ஒரு தடி வெட்டாமல், ஒரு வரிச்சுக் கட்டாமல் எல்லைச் சண்டையும் தீர்ந்தது. ஆனால் ஒரு ஒழுங்கை முழுவதும் மதிலானபோது அந்த ஒழுங்கையின் குழை முழுவதும் போனது. குழை போக ஆடு போனது. ஆடு போக எரு போனது. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே நாளில் தடை செய்து, எல்லோரும் இயற்கைக்குத் திரும்புங்கள் என்று அரசாங்கம் சொன்னபோது எங்கள் ஊர்த் தோட்டக்காரர் கேட்ட கேள்வி, எதைக் கொண்டு என்பதுதான். அவர்களின் பாட்டன்மார் அப்படித்தான் செய்தார்கள். அதற்கான வேலியும் ஆடும் அவர்களிடம் இருந்தன. அந்த வருடம் நவம்பரில் தடை நீங்கியது. மறு வருடம் டொலரும் எண்ணெயும் இல்லாமல் நாடே நின்றபோது, வீட்டுத்தோட்டம் செய்வதற்கென்று அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்தார்கள். தோட்டத்துக்கு வேண்டியது ஒரு வெள்ளிக்கிழமை அல்ல, பத்து வருடம் வெட்டுப்பட்ட ஒரு பூவரசு.

அதனால் நான் வேலியிலிருந்து தொடங்கினேன். கிழக்கும் தெற்கும் அயலவரின் மதில், அதற்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை. மேற்கு ஒழுங்கைப் பக்கம் பழைய பூவரசு சில தப்பி நின்றன. வடக்கெல்லையில் தகரம். அதைக் கழற்றிக் கதியால் நடலாமா என்று கேட்க அடுத்த வீட்டு அக்காவிடம் போனேன்.

“தம்பி, எல்லாரும் மதில் கட்டுறாங்கள். நீங்கள் கதியாலோ போடப் போறியள்?”

“ஓம் அக்கா. குழை வேணும்.”

“குழை எண்டால் ரெண்டு பக்கமும்தானே தழைக்கும்?”

“உங்கடை பக்கம் தழைக்கிறது உங்களுக்கு.”

அவர் கொஞ்ச நேரம் தகரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். “பூவரசு வேண்டாம், மயிர்க்கொட்டி வரும். சீமைக்கிளுவை எண்டால் நான் ஒண்டும் சொல்லேல்லை.” மயிர்க்கொட்டிப் புழு மாரியில் பூவரசில் மொய்ப்பது உண்மை. மேலே பட்டால் இரவு முழுக்கக் கடிதான். வடக்குக்குச் சீமைக்கிளுவை என்று முடிவானது.

ஆவணியில் மேற்குப் பூவரசுகளின் தலையைத் தறித்தோம். ஒரு முழ அகலத்தில் முழங்கால் ஆழத்துக்குக் கான் வெட்டினோம். செம்மண் காய்ந்து கிடந்தது, பிக்கான்தான் முதலில் இறங்கியது. அடியில் பனையோலை, அதன்மேல் குழை, சாணம், ஒரு கை மண், திரும்பக் குழை. கடைசியில் மண் மூடித் தண்ணீர் விட்டோம். ஒரு கிழமைக்குப் பிறகு மண்ணுக்குள் கையை நுழைத்தால் இளஞ்சூடு. மோர் புளித்ததற்கும் இலை அவிந்ததற்கும் இடையில் ஒரு வாசம். சூடு தணிகிற வரை அதில் கன்று வைக்கக் கூடாது, வேர் வெந்துவிடும். மேடாக இருந்த இடம் மெல்லத் தாழ்ந்து, மண் தொட்டால் உதிரும் பதத்துக்கு வந்த பிறகுதான் பாத்தி கட்டினோம். கிணற்றிலிருந்து வாட்டம் பார்த்து வாய்க்கால், வாய்க்காலுக்கு இரு புறமும் சின்னச் சின்னப் பாத்தி.

சந்தையடியில் மிளகாய், கத்தரி, தக்காளி நாற்று வாங்கினேன். வெண்டியும் பயிற்றையும் விதையாகவே ஊன்றினேன். புடலுக்கும் பாகலுக்கும் மதிலோரம் பந்தல். மதிலுக்கும் ஒரு பயன் வேண்டாமா. கோவாவும் கறட்டும் மார்கழிக் குளிர் பார்த்து. வெங்காயம், பெருமழை ஓய்ந்த பிறகு. இராசவள்ளிக்கு அடுத்த சித்திரை வரை காத்திருக்க வேண்டும், அதற்குள் ஏறிப்படரச் சீமைக்கிளுவை தயாராகியிருக்கும்.

முசுட்டையை எங்கே தேடுவது என்பதுதான் மிச்சம். அதை நாற்றாக யாரும் விற்பதில்லை. இணுவில் பக்கம் ஒரு பழைய வேலியில் இன்னும் படர்ந்திருப்பதாக அக்கா சொல்கிறார். வேலிக்காரரிடம் கேட்டு ஒரு கொடி வெட்டிக்கொண்டு வரவேண்டும், அவர்களும் மதில் கட்டுவதற்கு முன்.