ஒரு ஸ்க்ரூ, ரெண்டு வயர்

எங்க வீட்டு மினி பிசியில நெட் எப்பவும் விட்டு விட்டுத்தான் வரும். பிளேஸ்மென்ட் நேரம், ஆன்லைன் இன்டர்வியூவில் குரல் அறுந்தா வேலையே போயிடும். புது கம்ப்யூட்டருக்கு அப்பாகிட்ட காசு கேட்க மனசு வரல. மாற்ற வேண்டியிருந்தது வைஃபை கார்டு மட்டும்தான். உங்க வீட்டிலும் இதே கதைன்னா, கேளுங்க.

பழைய கார்டுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூணுதான்: 1, 6, 11. தெருவுல வீட்டுக்கு ஒரு ரவுட்டர் இருந்தா நெரிசல்தான். 5 கிகாஹெர்ட்ஸில் சேனல்கள் அதிகம். ஆனா சுவர் தாண்டினா பலம் குறையும். உங்க ரவுட்டரிலும் அது இருக்கணும், பார்த்துக்கோங்க.

இன்டெல் ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்210 ரெண்டும் பார்க்க ஒண்ணுதான்: 22 மி.மீ. அகலம், 30 மி.மீ. நீளம். ஆனா 201 செய்யும் வேலையில் ஒரு பகுதி இன்டெல் சிப்செட்டுக்குள்ள இருக்கு. அந்த வசதி இல்லாத போர்டுல செருகினா ஓடாது. 210 பிசிஐஇ வழியாப் பேசும். ஏஎம்டி போர்டிலும் ஓடும்.

டிரைவரை முன்னாடியே பென்டிரைவில் இறக்கி வெச்சிடுங்க. கார்டைக் கழட்டினதும் நெட் இருக்காதே! பவர் வயரைப் பிடுங்கிட்டு, ஸ்க்ரூவைக் கழட்டி, ரெண்டு ஆன்டெனா வயரையும் நேரா மேலே தூக்குங்க. பக்கவாட்டில் இழுத்தா முனை உடைஞ்சிடும்.

கழட்டின கார்டை உத்துப் பாருங்க. கடுகைவிடச் சின்னதா பழுப்புக் கட்டிகள் இருக்கும். அதெல்லாம் செராமிக் கெப்பாசிட்டர். சூளையில் வெந்த பீங்கான்தான். விருத்தாசலத்துக்காரங்களுக்கு அது சொந்தக்காரன் மாதிரி.