காட்டுப்பாக்கம்: சென்னை ராஜ்யம் நடந்துபோன சாலை

பரங்கிமலையிலிருந்து பூந்தமல்லிக்குப் போகும் சாலை ராமாபுரம், போரூர், ஐயப்பன்தாங்கல் என்று ஒவ்வொரு ஊராகத் தொட்டுக்கொண்டு வந்து, குமணன்சாவடிக்குச் சற்று முன்னால் காட்டுப்பாக்கத்தைக் கடக்கிறது. சாலையின் இரு பக்கமும் கடைகள். உள்ளே திரும்பினால் அடுக்குமாடிகள், வாடகை வீடுகள், இடையிடையே இன்னும் கட்டடம் எழும்பாத மனைகள். சாலைக்கு மேலே மெட்ரோ ரயில் பாதை. அதில் இந்த ஊர்ப் பெயரிலேயே ஒரு நிலையம். அக்கம்பக்கத்து ஊர்களுக்கெல்லாம் பழம்பெருமை உண்டு. குன்றத்தூர் சேக்கிழார் பிறந்த ஊர். பூந்தமல்லி திருக்கச்சி நம்பியின் ஊர். மாங்காடு காமாட்சி தவமிருந்த தலம். காட்டுப்பாக்கத்தைத் தேடி அப்படி யாரும் வருவதில்லை.

முகவரியில் இது சென்னை - 600 056. நிர்வாகத்தில் திருவள்ளூர் மாவட்டம், பூந்தமல்லி ஊராட்சி ஒன்றியம். கிழக்கே இருக்கும் போரூர் 2011இல் சென்னை மாநகராட்சிக்குள் போனது. அந்த எல்லை காட்டுப்பாக்கத்துக்கு முன்பே நின்றுவிட்டது. இப்படி எல்லைக்கோட்டின் ஓரத்தில் இருக்கும் ஊருக்குத்தான் எல்லைகளின் கதையைச் சொல்லும் தகுதி அதிகம் என்று நினைக்கிறேன். அதிலும், இந்தியக் குடியரசில் ஒரு காலத்தில் இருந்து இப்போது இல்லாமல் போன ஒரு மாநிலத்தின் கதையை. அன்றைய பத்திரிகைகள் ‘சென்னை ராஜ்யம்’ என்று எழுதிய அந்த மாநிலம் 1950 ஜனவரி 26இல் பிறந்தது. 1969 ஜனவரி 14இல் அந்தப் பெயர் முடிவுக்கு வந்தது. பன்னிரண்டு நாள் குறைய 19 ஆண்டுகள்.

அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த அன்று, ஆங்கிலேயர் காலத்துச் சென்னை மாகாணம் அப்படியே மாநிலமாயிற்று. விசாகப்பட்டினமும் குண்டூரும் கர்நூலும் அதில் இருந்தன. பெல்லாரி இருந்தது. மேற்குக் கரையில் மலபாரும் தென் கன்னடமும் இருந்தன. இன்று பல மாநிலங்களின் சட்டமன்றங்களுக்கு ஆட்களை அனுப்பும் நிலப்பரப்பு, அன்று சென்னையில் இருந்த ஒரே சட்டமன்றத்துக்கு அனுப்பியது. 1952 தேர்தலில் அதற்கு 375 இடங்கள். காங்கிரஸுக்குக் கிடைத்தவை 152. பெரும்பான்மை இல்லாத அந்த நிலையில்தான் ராஜாஜி முதலமைச்சரானார். தமிழும் தெலுங்கும் மலையாளமும் கன்னடமும் தாய்மொழியாகக் கொண்ட உறுப்பினர்கள் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்திருந்தார்கள். அப்போது காட்டுப்பாக்கம் செங்கல்பட்டு மாவட்டத்து ஊர். அந்த மாவட்டத்தின் தலைமையிடம் செங்கல்பட்டில் இல்லை, சைதாப்பேட்டையில் இருந்தது. அதாவது, நகரத்துக்குள் உட்கார்ந்துகொண்டு நகரத்தைச் சுற்றியிருந்த கிராமங்களை ஆண்டார்கள்.

சென்னை நகரம் யாருக்கு என்ற கேள்வி இந்த மாநிலத்தை முதலில் உலுக்கியது. ஆந்திர மாநிலம் கேட்டு பொட்டி ஸ்ரீராமுலு மயிலாப்பூரில் ஒரு வீட்டில் 1952 அக்டோபர் 19 அன்று உண்ணாவிரதம் தொடங்கினார். 58ஆம் நாள், டிசம்பர் 15 அன்று இறந்தார். ஆந்திரக் கரையோர ஊர்கள் கொந்தளித்தன. நான்கே நாளில் ஆந்திர மாநிலம் அமையும் என்று நேரு அறிவித்தார். பிரச்சினை அதோடு முடியவில்லை. தலைநகர் எது? நகரத்தைத் தமிழருக்கும் தெலுங்கருக்கும் பொதுவாக வைக்கலாம், தனிப் பகுதியாகப் பிரித்து மத்திய அரசின் நேரடி ஆட்சியில் வைக்கலாம், ஆந்திராவின் தற்காலிகத் தலைநகராகவாவது கொடுக்கலாம் என்றெல்லாம் பேச்சு நடந்தது. தமிழரசுக் கழகத் தலைவர் ம.பொ.சி. தலையைக் கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம் என்று முழங்கினார். அன்றைய மேயர் செங்கல்வராயன் மாநகராட்சியின் குரலை அதோடு சேர்த்தார். ராஜாஜி, நகரத்தில் ஆந்திராவுக்குத் தற்காலிக இடமும் கிடையாது என்று உறுதியாக நின்றார். 1953 அக்டோபர் 1இல் ஆந்திரம் கர்நூலைத் தலைநகராகக் கொண்டு பிரிந்தது.

இதை நகரத்துக் கதையாகவே எல்லோரும் எழுதுகிறார்கள். நகரத்துக்கு வெளியே நின்றும் இதைப் பார்க்க வேண்டும். நகரம் தனிப் பகுதியாகப் போயிருந்தால், காட்டுப்பாக்கத்திலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு கொத்தவால்சாவடிக்குப் போகும் வண்டி ஒரு மாநிலத்தை விட்டு இன்னொரு ஆட்சிப் பகுதிக்குள் நுழைந்திருக்கும். இது வெறும் கற்பனை என்று தள்ள வேண்டாம். பிரேசிலில் தலைநகர் பிரசிலியாவுக்கு மாறிய 1960இல், பழைய தலைநகரான ரியோ நகரம் மட்டும் குவானபாரா என்ற தனி மாநிலமானது. 1975இல்தான் அதைச் சுற்றியிருந்த ரியோ டி ஜெனிரோ மாநிலத்தோடு இணைத்தார்கள். ஒரு நகரத்தையும் அதற்குச் சோறு போடும் கிராமங்களையும் கோடு போட்டுப் பிரிப்பது உலகத்தில் நடக்காத காரியமல்ல. இங்கே அது நடக்காமல் போனதற்குப் போராடியவர்களுக்கு மேற்குப் புறநகர் கடன்பட்டிருக்கிறது.

நகரம் நின்றது, திருத்தணி போய்விட்டது. சித்தூர் மாவட்டம் முழுவதும் ஆந்திராவோடு சேர்ந்ததால், தமிழர்கள் காவடி எடுத்துப் போகும் முருகன் மலை வேற்று மாநிலத்துக்குள் இருந்தது. பூந்தமல்லி வட்டாரத்துக்குத் திருத்தணி என்பது தூரத்துத் தலமல்ல. ஆடிக் கிருத்திகைக்குப் போய்வரும் உறவு. 1953 முதல் 1960 வரை அந்த யாத்திரை மாநில எல்லையைத் தாண்டிய யாத்திரை. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் களம் திருத்தணி வட்டாரம்தான். கடைசியில் படாஸ்கர் நடுவராக வந்து இரு தரப்பையும் பேசவைத்தார். 1959இல் நாடாளுமன்றம் எல்லை மாற்றச் சட்டம் போட்டது. 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி செங்கல்பட்டு மாவட்டத்தோடு சேர்ந்தது. அதற்கு ஈடாக இதே மாவட்டத்தின் வடக்கே பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களில் இருந்த சத்தியவேடு பகுதி ஆந்திராவுக்குப் போனது. வாங்கியதும் கொடுத்ததும் ஒரே மாவட்டத்தின் நிலத்தில் நடந்தவை. சென்னை ராஜ்யத்தின் எல்லைக் கணக்கை வேறெந்த மாவட்டமும் இவ்வளவு நேராகத் தன் உடம்பில் சுமக்கவில்லை. திருப்பதி கிடைக்கவில்லை என்ற வருத்தத்தை ம.பொ.சி. கடைசிவரை விடவில்லை. இந்தப் பக்கம் தெலுங்கு பேசும் குடும்பங்கள் தொடர்ந்து வாழ்ந்தன, வாழ்கின்றன. கோடு நகர்ந்தாலும் அவர்கள் வாழ்க்கை இங்கேயே தொடர்ந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1956 நவம்பர் 1இல் மொழிவழி மாநிலச் சீரமைப்பு வந்தபோது மலபார் கேரளத்துக்குப் போனது. தென் கன்னடத்தில் காசர்கோடு கேரளத்துக்கும் மற்றவை மைசூருக்கும் போயின. பெல்லாரி ஏற்கெனவே 1953இல் பிரிந்துவிட்டது. திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து கன்னியாகுமரியின் நான்கு வட்டங்களும் செங்கோட்டையும் இங்கே வந்தன. இணைப்புப் போராட்டத்தை நடத்திய நேசமணியும் அவரோடு நின்றவர்களும் ரத்தம் சிந்திப் பெற்ற நிலம் அது. 375 இடங்களோடு தொடங்கிய சட்டமன்றத்துக்கு 1957 தேர்தலில் 205 இடங்கள்தான். பெயரில் மட்டும் பழைய மாகாணத்தின் நிழல் இருந்தது.

சுருங்கிய அந்த மாநிலம்தான் மேற்குப் புறநகரை உருவாக்கியது. 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, சோஷலிச பாணிச் சமுதாயமே லட்சியம் என்று தீர்மானம் போட்டது. அதே ஆண்டு பெரம்பூரில் ரயில்பெட்டித் தொழிற்சாலை. 1958இல் கிண்டித் தொழிற்பேட்டை. பிறகு ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை, அம்பத்தூரில் தொழிற்பேட்டை. காமராஜர் முதல்வராகவும் ஆர்.வெங்கட்ராமன் தொழில் அமைச்சராகவும் இருந்த அந்த ஆண்டுகளில் போட்ட அடித்தளத்தின்மேல்தான் இந்தப் பக்கத்து ஊர்கள் ஒவ்வொன்றும் வயலை விட்டு வாடகை வீட்டுக்கு மாறின. காட்டுப்பாக்கத்துக்கு அந்த அலை தாமதமாக வந்தது. வந்த வழி அதுதான்.

இன்னொன்று, அதிகம் பேசப்படாதது. 1958ஆம் ஆண்டின் மெட்ராஸ் பஞ்சாயத்துச் சட்டம் மாவட்ட போர்டுகளை ஒழித்துவிட்டு, ஊராட்சிகளைச் சேர்த்து ஊராட்சி ஒன்றியங்களை உண்டாக்கியது. 1994இல் புதுச் சட்டம் வந்தும் அந்த அமைப்பு மாறவில்லை. காட்டுப்பாக்கத்து மக்கள் தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் இன்று எந்த அமைப்பின் கதவைத் தட்டுகிறார்களோ, அது சென்னை ராஜ்யம் விட்டுச்சென்றது. மறைந்த மாநிலம் என்று நாம் சொல்வதன் எலும்பு இன்னும் நின்றுகொண்டிருக்கிறது.

அதே பூந்தமல்லி ஒன்றியத்தில், பூந்தமல்லிக்கு மேற்கே இருக்கிறது நசரத்பேட்டை. 1897இல் அங்கே பிறந்தவர் எம்.பக்தவத்சலம். காமராஜர் 1963 அக்டோபரில் பதவியை விட்டுக் கட்சிப் பணிக்குப் போனபோது முதலமைச்சர் நாற்காலி அவருக்கு வந்தது. தமிழ்நாட்டில் காங்கிரஸின் கடைசி முதலமைச்சர் அவர். 1965இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தை அடக்கிய விதத்துக்காகவும், அரிசிப் பஞ்சத்துக்காகவும் மக்கள் அவரை மன்னிக்கவில்லை. 1967இல் ஸ்ரீபெரும்புதூரில் சொந்த மண்ணிலேயே தோற்றார். அவருக்கு அடுத்து வந்த அண்ணாவும் வேறு மாவட்டத்துக்காரர் அல்ல. அதே செங்கல்பட்டு மாவட்டத்துக் காஞ்சிபுரம். சென்னை ராஜ்யத்தின் கடைசி இரண்டு முதல்வர்களும் ஒரே மாவட்டத்தின் பிள்ளைகள். ஒருவர் அந்த மாநிலத்தைப் பழைய பெயரோடு ஆண்டார். மற்றவர் அதற்குப் புதுப்பெயர் சூட்டினார். பக்தவத்சலம் நல்ல நிர்வாகி. மாணவர் குரலைக் கேட்கத் தவறியது அவருடைய பெரும்பிழை. இரண்டையும் சேர்த்துத்தான் அவரை நினைக்க வேண்டும். ஆனால் அவர் ஊர்ப்பக்கத்திலேயே அவரை நினைப்பவர்கள் குறைவு.

அந்தத் தேர்தலின் இன்னொரு காட்சியும் காட்டுப்பாக்கம் வழியே போகும் சாலையில்தான் நடந்தது. 1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் தோட்டத்து வீட்டில் நடிகர் எம்.ஆர்.ராதா எம்.ஜி.ஆரைச் சுட்டார். கழுத்தில் கட்டோடு எம்.ஜி.ஆர். இருக்கும் படம் சுவர் சுவராக ஏறியது. மருத்துவமனையில் படுத்தபடியே பரங்கிமலைத் தொகுதியில் வென்றார். எம்.ஜி.ஆரின் குடும்ப வேர் பாலக்காட்டில். 1956 வரை பாலக்காடும் சென்னை ராஜ்யத்து ஊர்தான்.

தமிழ்நாடு என்ற பெயருக்கான கோரிக்கை அந்தத் தேர்தலுக்கு வெகுமுன்பே உயிர்ப்பலி வாங்கிவிட்டது. விருதுநகரில் சங்கரலிங்கனார் பெயர் மாற்றம் உள்ளிட்ட கோரிக்கைகளோடு 1956 ஜூலை 27இல் உண்ணாவிரதம் தொடங்கி, அக்டோபர் 13இல் உயிர்விட்டார். பொட்டி ஸ்ரீராமுலு இறந்த நான்காம் நாள் பிரதமர் பேசினார். சங்கரலிங்கனார் இறந்த பிறகு பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியதாயிற்று. இந்த வேறுபாடு எனக்கு இன்றும் உறுத்துகிறது. நாடாளுமன்றத்தில் வங்காளத்துக் கம்யூனிஸ்ட் பூபேஷ் குப்தா பெயர் மாற்ற மசோதா கொண்டுவந்தார், மாநிலங்களவையில் அதை ஆதரித்து அண்ணா பேசினார், மசோதா தோற்றது. 1967 ஜூலை 18 அன்று, ஆதித்தனார் சபாநாயகராக இருந்த சட்டமன்றத்தில் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அண்ணா ‘தமிழ்நாடு’ என்று முழங்க, அவை ‘வாழ்க’ என்றது. நாடாளுமன்றச் சட்டம் 1968இல் வந்து, 1969 பொங்கல் நாளில் நடைமுறையானது. மூன்று வாரம் கழித்து, பிப்ரவரி 3இல், அண்ணா மறைந்தார்.

செங்கல்பட்டு மாவட்டத்தின் பெயரும் எல்லையும்கூட மாறின. 1968இல் தலைமையிடம் சைதாப்பேட்டையிலிருந்து காஞ்சிபுரத்துக்குப் போனது. 1997இல் மாவட்டம் இரண்டாகி, காட்டுப்பாக்கம் திருவள்ளூரோடு சேர்ந்தது. எல்லைப் போராட்டத்தில் மீட்ட திருத்தணிக்கும் நகரத்தின் வாசலில் இருக்கும் காட்டுப்பாக்கத்துக்கும் இப்போது ஒரே கலெக்டர். ஆங்கிலத்தில் அந்த மாநிலத்துக்கு இருந்த மெட்ராஸ் என்ற பெயர் உயர் நீதிமன்றத்திலும் பல்கலைக்கழகத்திலும் 1959இல் தொடங்கிய ஐ.ஐ.டி.யிலும் தங்கிவிட்டது.

ராஜாஜி, காமராஜர், பக்தவத்சலம் மூவருக்கும் கிண்டியில் காந்தி மண்டப வளாகத்தில் நினைவிடங்கள் இருக்கின்றன. தலைவர்களுக்கு அது போதும். ஊர்களுக்குப் போதாது. பூந்தமல்லிச் சாலையோரத்து ஊர்களில் பல வீட்டுப் பெட்டிகளில் அந்தப் பத்தொன்பது ஆண்டுகளின் கிரயப் பத்திரங்கள், வரி ரசீதுகள், பள்ளிச் சான்றிதழ்கள் கிடக்கும். வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டும்போது முதலில் குப்பைக்குப் போவது இவைதான். அப்படிப் போகவிடாதீர்கள். படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எண்பது வயதைத் தாண்டிய பாட்டி தாத்தாக்களிடம், திருத்தணி ஆந்திராவில் இருந்தபோது கிருத்திகைக்கு எப்படிப் போனார்கள், 1967 தேர்தலில் எங்கே நின்று ஓட்டுப் போட்டார்கள் என்று கேட்டு எழுதுங்கள். எழும்பூரில் 1909இல் மெட்ராஸ் ரெக்கார்டு ஆபீஸ் என்று தொடங்கிய தமிழ்நாடு ஆவணக் காப்பகம் கோட்டையின் காகிதங்களைக் காத்துவருகிறது. காட்டுப்பாக்கத்தின் காகிதங்களைக் காட்டுப்பாக்கத்துக்காரர்கள்தான் காக்க வேண்டும்.