சொக்கன் தின்ற சிலந்தி

நாகபுரியில் நாம் குடியிருக்கும் இரயில்வே வீடு, கூரை உயர்ந்த பழங்காலத்துக் கட்டடம். மழைக்காலம் பிறந்துவிட்டால் சுவரெங்கும் சிலந்திகளின் ஆட்சிதான். உள்ளங்கையகலம் கால் பரப்பி, வலை பின்னாமல், சுவரோடு ஒட்டி நின்று கரப்பானை ஓடிப் பிடிக்கும் பழுப்பு நிறச் சிலந்தியை அன்பர்கள் பலரும் தத்தம் இல்லங்களில் கண்டிருப்பர். நம் பூனை சொக்கனுக்கு அது பெருவிருந்து.

சென்ற ஆவணியில் ஒரு நாள் இரவுப் பணி முடிந்து விடியலில் திரும்பியபோது கூடத்தில் அழுகுரல் கேட்டது. வாயில் நுரை தள்ள, உடல் வெடவெடக்கச் சொக்கன் கிடந்தான்.

"சிலந்தியைத் தின்றான், விஷம் ஏறிவிட்டது. அப்பொழுதே சொன்னேனே, கேட்டாயா?" என்றார் அன்னையார். கட்டிக்குக்கூடச் சிலந்தி என்று பெயரிட்டு அஞ்சிய மரபில் வந்தவர். அவரைக் குறை கூறுவதற்கில்லை. இளைய மகளோ பூனையை மடியிலிருந்து இறக்க மறுத்தாள்.

கூடையிலிட்டுக் கால்நடை மருத்துவரிடம் ஓடினோம். அவர் கேட்ட முதற் கேள்வி, "வீட்டில் பூச்சி மருந்து அடித்தீர்களா?" என்பதே. நம் தலை கவிழ்ந்தது. முந்தின மாலை கரப்பான் தொல்லை பொறாமல் மருந்தடித்ததும் நாமே; தரை உலருமுன் கதவைச் சாத்தாது பணிக்குக் கிளம்பியதும் நாமே. தொலைபேசியில் கேட்க, இல்லாள் புட்டியைப் பார்த்துப் 'பெர்மெத்ரின்' என்று எழுத்துக் கூட்டினாள்.

நாயின் உடல் பெரும்பாலும் அம்மருந்தைத் தாங்கிக்கொள்ளுமாம்; பூனையின் ஈரலுக்கோ அதனைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் மிகக் குறைவாம். ஈரத்தரையில் நடந்து, பின் பாதங்களை நக்கியதே வினையாயிற்று. மருந்தில் தள்ளாடிய சிலந்தியும் எளிதில் அகப்பட்டிருக்கும். ஆனால் ஒரு சிலந்தி சுமந்து வந்த மருந்து எம்மாத்திரம்?

சிலந்தியின் நஞ்சைப் பற்றியும் கேட்டோம். அது கடித்து உடலினுள் செலுத்தப்பட்டாலன்றித் தீங்கு செய்வது அரிது; பெரும்பாலும் புரதப் பொருளாதலின் இரைப்பையில் இறைச்சியைப் போலவே செரித்துவிடும். பிடிபடும்போது அது திருப்பிக் கடித்தால் உதடோ நாவோ வீங்கும், எச்சில் வடியும். வீட்டுச் சிலந்தியாயின் பெரும்பாலும் தானே தணியும். முகம் பெரிதாக வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ, நடுக்கம் கண்டாலோ காத்திருத்தல் ஆகாது. மரப்பொந்துகளில் வாழும் மயிரடர்ந்த பெருஞ்சிலந்தியின் கதை வேறு. அதன் கடி கொடிது, பூனையை அண்ட விடலாகாது.

சொக்கனைக் குளிப்பாட்டி, நடுக்கம் தணிய ஊசி போட்டு, இரண்டு நாள் அங்கேயே வைத்துக்கொண்டனர். அவ்விரண்டு நாளும் மகள் நம்மோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவன் எழுந்து மீன் தின்றான்.

புட்டி வீட்டை விட்டுப் போயிற்று. அன்னையார் இன்னும் ஒட்டடைக் கோலுடன் சிலந்தியைத் தேடுகிறார். கரப்பான்களைச் சுவர்ச் சிலந்தியே கவனித்துக்கொள்கிறது, சொக்கன் அதனை விட்டுவைத்தால்.