கைப்பட எழுதிய கடிதம்

பாவத்தைச் சகிக்காதவர்கள் என்று பெயர் எடுத்தவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம். பெரும்பாலும் அவர்கள் சகிக்காதது அடுத்த வீட்டுக்காரனின் பாவத்தைத்தான். கடவுளுக்கு உண்மையாக இருப்பதைப் பற்றிக் கிறிஸ்தவ நண்பர்களோடு பேச்சு வரும்போதெல்லாம், என் மனம் மிலான் நகரத்து பிஷப் அம்புரோஸிடம் போய் நின்றுவிடுகிறது.

கி.பி. 390. தெஸலோனிக்கா நகரத்து ஜனங்களின் செல்லப் பிள்ளையான ஒரு தேரோட்டி சிறையில் கிடந்தான். பந்தயப் பைத்தியம் பிடித்த கூட்டம் கலகம் செய்து, படைத்தலைவர் புத்தெரிக்கைக் கொன்றுவிட்டது. சக்கரவர்த்தி தியோடோசியஸோ மூக்குக்கு மேல் கோபம் வருகிறவர். ஊராரைப் பந்தய மைதானத்தில் கூட்டிவைத்து வெட்டிச் சாய்த்தார்கள் சிப்பாய்கள். 7,000 பேர் என்று பிற்காலத்தார் எழுதிவைத்திருக்கிறார்கள். எண்ணிக்கை எதுவானால் என்ன? குற்றவாளி யார், வேடிக்கை பார்க்க வந்தவன் யார் என்று வாள் விசாரிக்கவில்லை.

சக்கரவர்த்தியும் கிறிஸ்தவர்தான், அம்புரோஸின் கோயிலுக்கு வருகிறவர். லண்டன் நேஷனல் காலரியில் வான் டைக் வரைந்த ஓவியம் ஒன்று இருக்கிறது. அதில் பிஷப் கோயில் வாசலிலேயே சக்கரவர்த்தியை மறித்து நிற்கிறார். நாடகத்துக்கு ஏற்ற காட்சி! ஆனால் அம்புரோஸ் உண்மையில் செய்தது ஒரு கடிதம் எழுதியதுதான். உடம்பு சரியில்லை என்று நகரத்தைவிட்டு விலகியிருந்துகொண்டு, குமாஸ்தாவிடம் சொல்லி எழுதுவிக்காமல், சக்கரவர்த்தி ஒருவர் மட்டும் படிக்கட்டும் என்று தம் கையாலேயே எழுதினார். நீங்கள் இருக்கும் இடத்தில் நான் பூசை வைக்கத் துணியமாட்டேன். தாவீது ராஜா பாவத்தை ஒப்புக்கொண்டாரே, நீங்களும் அப்படிச் செய்யுங்கள் என்பது அதன் சாரம்.

ஊரைக் கூட்டி ஏசியிருந்தால் கைதட்டல் கிடைத்திருக்கும். அவர் அதைத் தேடவில்லை. அந்தக் கண்டிப்பிலே ஒரு மரியாதை, ஒரு பிரியம்கூட இருக்கிறது. தியோடோசியஸும் சாமானியர் அல்ல. ராஜ சின்னங்களைக் களைந்துவிட்டுக் கோயிலில் எல்லாரும் பார்க்க அழுதார். அந்த வருஷத்துக் கிறிஸ்துமஸில்தான் அவருக்கு மறுபடி நற்கருணை கிடைத்தது.

இதோடு நிறுத்திக்கொண்டால் நல்ல கதை. ஆனால் இரண்டு வருஷம் முன்னால், 388-இல், யூப்ரடீஸ் நதிக்கரையில் கல்லினிக்கம் என்ற ஊரில், தங்கள் பிஷப்பின் தூண்டுதலால் கிறிஸ்தவர்கள் யூதர்களின் ஜெபாலயத்தைக் கொளுத்திவிட்டார்கள். அந்த பிஷப்பே அதைக் கட்டித் தரவேண்டும் என்று உத்தரவிட்டார் இதே தியோடோசியஸ். நியாயமான உத்தரவு. அதை எதிர்த்தவர் யார் தெரியுமா? இதே அம்புரோஸ்! பீடத்துக்குப் போகாமல் நின்று, உத்தரவு ரத்து என்று சக்கரவர்த்தி வாக்குக் கொடுத்த பிறகே பூசையைத் தொடங்கினார். அதையும் கடவுளுக்குச் செய்யும் கடமை என்றே அவர் நினைத்தார். அதுதான் என்னை உறுத்துகிறது.

இந்த மனிதரை வைத்து நாவல் எழுதவேண்டும் என்று எனக்கு வெகு நாளாக ஆசை. கல்லினிக்கத்தை முதல் அத்தியாயமாக வைத்தால், மனிதர் பிறகு திருந்திவிட்டார் என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள். அதற்காக அவர் வருந்தியதாக நான் எங்கும் படித்ததில்லை. பின்னால் வைத்தாலோ சரித்திரம் பொய்யாகிவிடும். அந்தச் சங்கதியையே விட்டுவிடுங்களேன் என்கிறார் நண்பர் ஒருவர். நல்ல பக்திமான் அவர். விட்டுவிட்டு எழுத எனக்குக் கை வரவில்லை.