கட்டில் வாங்கும்போது

வேதாகமத்தில் ஓர் இரும்புக் கட்டிலின் அளவு எழுதப்பட்டிருக்கிறது. பாசானின் ராஜாவாகிய ஓகின் கட்டில் 9 முழ நீளமும் 4 முழ அகலமும் உடையதென்று உபாகமம் 3-ஆம் அதிகாரம் கூறுகிறது. அதாவது ஏறக்குறைய பதின்மூன்றரை அடிக்கு 6 அடி!

ஸ்ரீவராகத்தில் வாடகை வீட்டில் வசிக்கும் எங்களுக்கோ 6 அடிக்கு 3 அடியே போதுமானதாயிருந்தது. முழங்கால் வலியினால் பாயிலிருந்து எழும்பக் கூடாதிருந்த என் தாயாருக்காக அதைத் தேடினோம். கடைகளில் பூவேலைப்பாடும் பொன்னிறப் பூச்சும் கண்ணைக் கவர்ந்தன. நாங்களோ உயரத்தையே முதலாவது பார்த்தோம். மெத்தையின்மேல் உட்காரும்போது பாதங்கள் தரையில் முழுமையாய்ப் பதியவேண்டும். மெத்தையோடு சேர்த்து ஏறக்குறைய 18 அங்குலம் அநேகருக்குப் பொருந்தும்.

அடுத்தது துரு. கடலருகே, இரு பருவமழையும் பெய்யும் நகரம் இது. உப்புக் காற்றும் ஈரமும் இரும்பை அரிக்கும். பவுடர் கோட்டிங் அதைக் காக்கும். ஆனால் கீறல் விழுந்த இடத்தில் துரு தொடங்கும். தரை கழுவும் நீர் உள்ளே ஏறாதபடி கால்குழாய்களுக்கு ரப்பர் மூடி அவசியம். குழாயின் கேஜ் எண் குறையக் குறையத் தகடு தடிமனாகும். ஆகவே 18 கேஜைவிட 16 கேஜ் உறுதியானது. அடிக்கடி வீடு மாறுகிறவர்களுக்கு போல்ட் பொருத்திய கட்டிலே நல்லது. கழற்றினால் ஒடுங்கிய படிக்கட்டிலும் ஏறும். போல்ட்டுகளை அவ்வப்போது முறுக்கினால் கிறீச்சிடாது.

இப்போது என் தாயார் அதிகாலையில் ஒருவரையும் எழுப்பாமல், தாமே எழுந்து கட்டிலின் விளிம்பில் அமர்ந்து ஜெபிக்கிறார்கள். உங்கள் வீட்டு முதியோரையும் கடைக்கு அழைத்துச் சென்று, அமரச்செய்து பார்த்து வாங்குங்கள்.