கரைக்கு வந்த விருந்தாளி

மே மாதத்தில் வந்த நீண்ட வார இறுதி அது. ஜோர்ஜ்டவுன் லிட்டல் இந்தியாவில் ரொட்டி சானாயும் தே தாரேக்கும் சாப்பிட்டுவிட்டு, அந்தத் தம்பதியர் தங்கள் மகிழுந்தில் ஏறினர். பின்னிருக்கையில் ஒரு கூடாரம், இரண்டு பாய்கள், சமைப்பதற்கு ஒரு சிறிய அடுப்பு, இரண்டு நாளுக்கு வேண்டிய குடிநீர் ஆகியவை இருந்தன. கணவர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர், மனைவி தாதி. இருவருக்கும் ஒரே நாளில் விடுமுறை கிடைப்பது அரிது. பினாங்கில் இருபத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்தும் அவர்கள் பத்து பிரிங்கி கடற்கரையைத் தாண்டிப் போனதில்லை.

கர்னி டிரைவ், தஞ்சோங் தோக்கோங், தஞ்சோங் பூங்கா என்று ஒவ்வோர் ஊராகக் கடந்து மகிழுந்து மேற்கு நோக்கிச் சென்றது. அடுக்குமாடிகள் மெல்லக் குறைந்தன. வலப்பக்கம் கடல், இடப்பக்கம் காடு அடர்ந்த மலைச்சரிவு. இரண்டுக்கும் நடுவே குறுகிய சாலை பாம்புபோல் வளைந்து வளைந்து சென்றது.

“இந்த முறை உனக்கு ஆமையைக் காட்டாமல் திரும்பமாட்டேன்,” என்றார் கணவர்.

“ரந்தாவ் அபாங் கதையை மறுபடியும் தொடங்கிவிட்டீர்களா?” என்று மனைவி சிரித்தார்.

அந்தக் கதையை அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். 1980ஆம் ஆண்டில், பத்து வயதுச் சிறுவனாக இருந்தபோது, அவருடைய அப்பா அவரைத் திரங்கானு மாநிலத்தில் உள்ள ரந்தாவ் அபாங் கடற்கரைக்கு அழைத்துச் சென்றார். நள்ளிரவில் கடலிலிருந்து ஓர் ஆமை ஏறி வந்தது. கடினமான ஓட்டுக்குப் பதிலாகத் தடித்த தோல் போர்த்திய முதுகு. ஒரு கட்டில் அளவுக்குப் பெரிய உடல். உலகின் கடலாமைகளுள் மிகப் பெரியது அந்த இனந்தான். அதைப் பார்த்த வியப்பு ஐம்பது வயதைக் கடந்த பின்பும் அவரை விட்டு அகலவில்லை.

மகிழுந்து தெலுக் பஹாங்கை நெருங்கியது. சாலைக்கு மேலே, இரு பக்க மரங்களுக்கும் இடையே ஏதோ ஒன்று கட்டப்பட்டிருப்பதை மனைவி கவனித்தார்.

“என்னங்க, அங்கே பாருங்கள். குழாய்போல் ஏதோ தொங்குகிறது.”

“மின்கம்பியாக இருக்கும்,” என்ற கணவர், வேகத்தைக் குறைக்காமல் அதைக் கடந்து சென்றார்.

சாலை முடியும் இடத்தில் பினாங்கு தேசியப் பூங்கா தொடங்குகிறது. 2003ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இது, கடற்பகுதியையும் சேர்த்து ஏறக்குறைய 2,500 ஹெக்டர் பரப்பளவு கொண்டது. பரப்பளவில் சிறியதாக இருந்தாலும் காடு, கடற்கரை, சதுப்புநிலம், ஏரி என எல்லாம் இதனுள் அடங்கியுள்ளன. 2021ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அங்கீகரித்த பினாங்குக் கொடிமலை உயிர்க்கோளக் காப்பகத்திலும் இப்பூங்கா இடம்பெற்றுள்ளது.

அலுவலகத்தில் பெயரைப் பதிவுசெய்து, முகாமிடுவதற்கான அனுமதியைப் பெற்றபின், இருவரும் சுமைகளை முதுகில் ஏற்றிக்கொண்டு பந்தாய் கெராச்சுட் கடற்கரையை நோக்கி நடந்தனர். மூன்று கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவுதான். ஆயினும், மேடும் பள்ளமுமான காட்டுவழி அவர்களின் மூச்சை வாங்க வைத்தது. நீண்ட வாலுடைய குரங்குகள் கிளைகளில் அமர்ந்து, அவர்களின் கைகளில் உணவுப் பை இருக்கிறதா என்று நோட்டமிட்டன. காய்ந்த சருகுகளைச் சலசலக்க வைத்தபடி ஓர் உடும்பு ஊர்ந்து சென்றது.

ஓரிடத்தில் மனைவி சட்டென்று நின்றார். ஒரு மரத்தண்டில் பட்டையோடு பட்டையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. உற்றுப் பார்த்தபோது இரண்டு பெரிய கண்கள் தெரிந்தன. அது கொலுகோ என்னும் விலங்கு. கழுத்திலிருந்து வால்வரை விரியும் தோலின் உதவியால் அது மரத்துக்கு மரம் காற்றில் மிதந்து செல்லும். பகலில் அசையாமல் கிடப்பதால் பலருடைய கண்களில் படுவதில்லை. “நின்றால்தான் தெரிகிறது,” என்றார் மனைவி. கணவர் ஐந்தாறு அடி முன்னே போயிருந்தார். அவர் திரும்பி வந்து பார்த்தார்.

காட்டுவழியின் முடிவில் ஒரு பாலமும் அதன் கீழே ஓர் ஏரியும் தென்பட்டன. அந்த ஏரியில் மேலே நன்னீரும் கீழே கடல்நீரும் ஒன்றோடொன்று கலக்காமல் அடுக்கடுக்காக நிற்கும். உப்புநீரின் எடை அதிகம் என்பதால் அது அடியில் தங்கிவிடுகிறது. இத்தகைய ஏரிகள் உலகில் அரிதானவை. பாலத்தைக் கடந்ததும், வெண்மணல் விரிந்த கடற்கரை அவர்களை வரவேற்றது. வெள்ளை வயிற்றுக் கடற்கழுகு ஒன்று தாழப் பறந்து, நீரைத் தொட்டு, காலில் மீனுடன் மேலெழுந்தது.

கடற்கரையின் ஓரத்தில் மீன்வளத் துறையின் ஆமைப் பாதுகாப்பு நிலையம் இருந்தது. பச்சை ஆமைகளும் பங்குனி ஆமைகளும் இங்கு முட்டையிட வருவதுண்டு. பச்சை ஆமையைத் தமிழ்நாட்டு மீனவர்கள் பேராமை என்பர். பணியில் இருந்த ஊழியர் பொறுமையாக விளக்கினார்:

“ஒரு முறைக்கு ஏறக்குறைய நூறு முட்டைகள் இடும். உடும்பும் மனிதர்களும் எடுத்துவிடாமல் இருக்க, அவற்றை வேலியிட்ட மணலுக்கு மாற்றிவிடுவோம். குஞ்சு பொரிக்க ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். மணலின் வெப்பம் கூடினால் பெண் குஞ்சுகள் மிகுதியாக இருக்கும். குறைந்தால் ஆண் குஞ்சுகள் மிகுதியாகும். ஒரு பெண் ஆமை முட்டையிடும் வயதை அடைய இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிடும்.”

பிறகு அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “இரவில் வெளிச்சம் கூடாது; சத்தம் கூடாது. கரையேறும் ஆமை வெளிச்சத்தைக் கண்டால் முட்டையிடாமலே திரும்பிவிடும். நான் அழைத்தால் மட்டும் அருகில் வாருங்கள்,” என்றார். இருவரும் தலையசைத்தனர்.

இரவு வந்தது. கூடாரத்துக்கு வெளியே இருவரும் பாய் விரித்து உட்கார்ந்தனர். நிலவு இல்லை. அலையோசையைத் தவிர வேறு சத்தமும் இல்லை. பத்து மணி, பதினொரு மணி என்று நேரம் நகர்ந்தது. நள்ளிரவுக்குச் சற்று முன்பு, நீரின் விளிம்பில் ஒரு கரிய பாறை முளைத்ததுபோல் தோன்றியது. பாறை நகர்ந்தது.

மனைவி கணவரின் கையை இறுகப் பற்றினார். ஆமை இரண்டடி நகரும், நிற்கும், பெருமூச்சு விடும், மீண்டும் நகரும். நீரில் எடையின்றி நீந்தும் உடலை மணலில் இழுத்துச் செல்வது அதற்கு எவ்வளவு பெரிய பாடு என்பது அந்தப் பெருமூச்சிலேயே தெரிந்தது.

கணவரின் மறுகை தானாகச் சட்டைப்பைக்குள் சென்றது. ஒரே ஒரு படம். மகளுக்கு அனுப்ப வேண்டும் என்று நினைத்தார். திறன்பேசியை உயர்த்திப் பொத்தானை அழுத்தினார். ஒளி வீசாது என்றுதான் எண்ணியிருந்தார். ஆனால், இருட்டை உணர்ந்த திறன்பேசி தானே பளீரென்று ஒளியை வீசியது.

ஆமை அப்படியே நின்றது. சில நொடிகள் கழித்து, அது மெல்லத் திரும்பத் தொடங்கியது. வந்த வழியிலேயே, வந்ததைவிடச் சற்று விரைவாக, கடலை நோக்கிச் சென்றது. ஓர் அலை அதன் முதுகை மூடியது. மணலில் அரைவட்டமாக ஒரு தடம் மட்டுமே எஞ்சியது.

ஊழியர் இருளிலிருந்து வந்தார், கோபிக்கவில்லை. தடத்தைப் பார்த்துவிட்டு, “வயிற்றில் முட்டையோடு போகிறது. இன்றிரவே திரும்பி வரலாம், நாளையும் வரலாம், வேறு கரைக்கும் போகலாம்,” என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். அந்த அமைதி, திட்டு வாங்குவதைவிடக் கணவருக்குக் கடினமாக இருந்தது.

வெகுநேரம் கழித்து அவரே பேசினார்.

“ரந்தாவ் அபாங் கதையில் ஒரு பகுதியை உன்னிடம் சொன்னதே இல்லை. அன்று அந்த ஆமையைச் சுற்றி ஐம்பது பேராவது நின்றோம். எல்லார் கையிலும் விளக்கு. என் கையிலும் இருந்தது. ஒருவர் அதன் முதுகில் ஏறி உட்கார்ந்தார். நாங்கள் கைதட்டினோம். முட்டையிடத் தொடங்கிவிட்டதால் அதனால் எழுந்து போக முடியவில்லை. அதன் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. உடலில் சேரும் உப்பை ஆமை அப்படித்தான் வெளியேற்றும் என்று பிறகு படித்தேன். ஆனாலும், அன்று அது அழுகிறது என்றே நினைத்தேன். நினைத்தும் விளக்கை அணைக்கவில்லை. மறுநாள் அப்பா சந்தையில் ஆமை முட்டை வாங்கினார், நானும் சாப்பிட்டேன்.”

1950களில் ரந்தாவ் அபாங் பகுதியில் அந்தப் பெரிய ஆமைகள் ஆண்டுக்குப் பத்தாயிரம் முறை அளவில் முட்டையிட்டன. இன்று அவை அங்கு வருவது ஏறக்குறைய நின்றேவிட்டது. பல்லாண்டுகளாக முட்டைகளை எடுத்து விற்றதும் மீன்வலைகளில் ஆமைகள் சிக்கி இறந்ததும் இதற்கு முக்கியக் காரணங்கள். 2022ஆம் ஆண்டில் திரங்கானு மாநிலம் எல்லா வகை ஆமை முட்டைகளின் விற்பனைக்கும் தடை விதித்தது. அந்தப் பெரிய ஆமையைப் பொறுத்தவரை, தடை வந்தபோது காலம் கடந்துவிட்டிருந்தது.

மனைவி உடனே ஆறுதல் சொல்லவில்லை. பிறகு, “ஐம்புலன்களை அடக்குவதற்கு வள்ளுவர் ஆமையைத்தானே உவமையாகச் சொன்னார்? நம்மால் ஒரு விரலைக்கூட அடக்க முடியவில்லை,” என்றார். “நம்மால்” என்று அவர் தம்மையும் சேர்த்துக்கொண்டதைக் கணவர் கவனித்தார். திறன்பேசியை முழுவதுமாக அணைத்துப் பையின் அடியில் வைத்தார். இருவரும் கூடாரத்துக்குள் சென்றனர். கடற்கரையை ஆமைக்கே விட்டுவிடுவது என்று முடிவுசெய்தனர்.

விடியற்காலையில் ஊழியரின் குரல் அவர்களை எழுப்பியது. கடற்கரையின் மறுகோடியில் புதிய தடம் ஒன்று தெரிந்தது. கரையேறி, குழி தோண்டி, முட்டையிட்டு, மணலால் மூடிவிட்டு ஓர் ஆமை கடலுக்குத் திரும்பியிருந்தது. ஊழியர் குழியிலிருந்து முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வாளியில் அடுக்கினார். வெண்ணிறத்தில், மேசைப்பந்து அளவில் அவை இருந்தன. நேற்று வந்த அதே ஆமையா என்று யாராலும் சொல்ல இயலவில்லை. மனைவி முட்டைகளை எண்ணிக்கொண்டே வந்தார். எண்ணிக்கை நூறைத் தாண்டியபோது கணவரின் முகத்தில் முதன்முறையாகச் சிறு தெளிவு தோன்றியது.

திரும்பும் வழியில், பூங்கா அலுவலகத்தில் மனைவி அந்தக் குழாயைப் பற்றி விசாரித்தார். அது மின்கம்பியன்று, பயன்படுத்தி முடித்த தீயணைப்புக் குழாய்களால் பின்னப்பட்ட பாலம். கண்களைச் சுற்றி வெள்ளை வளையம் கொண்ட, லோத்தோங் என்று மலாயில் அழைக்கப்படும் இலையுண்ணும் குரங்குகள் சாலையைக் கடக்கும்போது வாகனங்களில் அடிபட்டு இறந்தன. காட்டை இரண்டாகப் பிரித்தது சாலைதான். குரங்குகள் கடப்பது அவற்றின் பழைய வழி. யாப் ஜோ லீன் என்னும் இளம் ஆய்வாளர் தொடங்கிய பினாங்கு லங்கூர் திட்டக் குழுவினர் 2019ஆம் ஆண்டில் அந்தப் பாலத்தை அமைத்தனர். இலைகளைச் செரிப்பதற்கென்றே அமைந்த வயிறு அந்தக் குரங்குகளுக்கு இருப்பதால், ரொட்டியும் இனிப்பும் கொடுப்பது அவற்றுக்கு நோயைத் தரும் என்பதையும் அக்குழுவினர் மக்களுக்கு எடுத்துச் சொல்லி வருகின்றனர்.

மகிழுந்து மீண்டும் தெலுக் பஹாங் சாலைக்கு வந்தது. இம்முறை கணவர் மெதுவாக ஓட்டினார். பாலத்தை நெருங்கியபோது, மரக்கிளை ஒன்று அசைவதை மனைவி கண்டார். கணவர் மகிழுந்தைச் சாலையோரம் நிறுத்தி, இயந்திரத்தையும் அணைத்தார்.

முதலில் ஒரு பெரிய குரங்கு குழாயில் கால் வைத்தது, கீழே பார்த்தது, பிறகு நிதானமாக நடந்து மறுபக்கம் சேர்ந்தது. அதன்பின் ஒன்று, மற்றொன்று என்று வந்தன. கடைசியாக வந்த தாயின் வயிற்றில், பொன்னிறக் குட்டி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. பிறந்த புதிதில் அந்த இனத்துக் குட்டிகள் அந்த நிறத்தில்தான் இருக்கும்.

“படம் எடுக்கவில்லையா?” என்று மனைவி மெல்லிய குரலில் கேட்டார்.

“திறன்பேசி பையின் அடியில் இருக்கிறது,” என்றார் கணவர், கண்களை எடுக்காமல்.

பின்னால் வந்த வாகனம் ஒன்று ஒலி எழுப்பியது. கணவர் சன்னல் வழியாகக் கையை நீட்டி, மேலே சுட்டிக்காட்டினார். அந்த ஓட்டுநரும் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். அடுத்த நொடியில், அந்த வாகனத்தின் இயந்திர ஓசையும் நின்றது.