திண்ணை வீட்டு மருமகள்

மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்தால் குறுவை உண்டு. தள்ளிப்போனால் சம்பா மட்டும்தான். மன்னார்குடிக்குத் தெற்கே எங்கள் ஊரில் வாழ்க்கையே அந்தத் தேதியைச் சுற்றி ஓடியது. தண்ணீர் வரும்வரை ஆண்களுக்குத் திண்ணை, வெற்றிலைச் செல்லம், சீட்டுக்கட்டு. பங்குனி வந்தால் ராஜகோபாலசுவாமி கோயில் திருவிழா, 18 நாளும் வீட்டில் ஆள் இருக்காது. விதைநெல்லோ வட்டியோ, எதைப் பற்றிக் கேட்டாலும் அப்பாவின் பதில், "பாத்துக்கலாம்."

2016-இல் அணை திறந்ததே செப்டம்பர் 20. வடகிழக்குப் பருவமழையும் பொய்த்துச் சம்பா கருகியது. அண்ணன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனான். அங்கே ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து தினம் ஒன்றரை ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தவர்தான் அண்ணி. காங்கேயம் பக்கம், கிளுவை வேலி போட்ட கொறங்காட்டில் மாடு மேய்த்து வளர்ந்தவர். ஆயிரம் அடி போர் போட்டும் புழுதிதான் வந்தது என்பதை அவர் வருத்தமில்லாமல் சொல்வார். அந்த மண்ணில் அது அன்றாடச் செய்தி.

வேறு சாதி என்று ஊர் முணுமுணுத்தது. அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. நகை எவ்வளவு என்று கேட்கவில்லை, ஜாதகம் பார்க்கவில்லை. "அவனுக்குப் புடிச்சிருக்கு, அப்புறம் என்னா?" என்றார். இதை நான் மறக்கவே மாட்டேன். எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத அந்தக் குணம்தான் எங்கள் வயலைப் பாழாக்கியது. அதே குணம்தான் அண்ணிக்கு வாசலைத் திறந்தும் விட்டது. கணக்குப் பார்க்கும் வீடுகள் பல அந்தக் கல்யாணத்தை நடக்கவே விட்டிருக்காது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து கம்பெனிகள் மூடியதும் இருவரும் ஊருக்கு வந்தார்கள். அந்த ஆண்டு, எட்டு வருஷத்துக்குப் பிறகு, ஜூன் 12-ஆம் தேதியே அணை திறந்தது. வாய்க்காலில் தண்ணீர் புரண்டு வருவதை அண்ணி கரையில் நின்று பார்த்தார். எங்கள் வரப்பு உடைந்து அது வடிகாலுக்கு ஓடுவதையும் பார்த்தார். "இத்தனை தண்ணியும் சும்மா போகுதுங்களே, மாமா!" என்று அவர் கேட்ட குரலில் கோபத்தைவிடத் தவிப்புதான் இருந்தது. அப்பா சிரித்தார். அண்ணி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

அடுத்த ஜனவரியில் பருவம் தப்பிப் பெய்த மழையில் அறுப்பு நெல் நனைந்தது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள். அண்ணி தார்ச்சாலையில் நெல்லைப் பரப்பி, காலால் கோடு கோடாகக் கிளறிவிட்டுக்கொண்டே போவார். மேகம் கறுத்தால் ஓடி வந்து தார்ப்பாயை இழுத்து மூடுவார். ராத்திரி குவியலுக்குப் பக்கத்திலேயே காவல்.

உளுந்தில்தான் அவருடைய கை நன்றாகத் தெரிந்தது. சம்பா அறுப்புக்குச் சில நாள் முன்னால் ஈர வயலில் உளுந்தைத் தெளித்துவிட்டு, பிறகு பறிக்கத்தான் போவோம், அதுதான் எங்கள் வழக்கம். அண்ணி வேளாண்மை அலுவலகத்தில் கேட்டு வந்து, ஏக்கருக்கு 4 கிலோ டிஏபியை ராத்திரியே பிளாஸ்டிக் குடத்தில் ஊறவைத்தார். விடியற்காலையில் அப்பாவின் பழைய வேட்டியில் தெளிவை வடிகட்டி, தண்ணீர் சேர்த்து, பூக்கும் பருவத்தில் அடித்தார். செடியைப் பிடுங்கிக் காட்டியபோது காய் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. அப்பா ஒரு நெற்றை உடைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நின்றார்.

ஊரில் சிலர் அண்ணியைக் "காசுக்குப் பறக்கிறவ" என்கிறார்கள். எனக்கு அது பொறுக்காது. எங்கள் வீட்டுக் கவலையில்லாத்தனத்துக்கு எப்போதும் யாராவது விலை கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். திண்ணையில் சீட்டு நடந்தபோது அம்மா குனிந்து களை பறித்தார். நடவுக் கூலிக்காக அவருடைய வளையல்கள் ஒவ்வொரு வருஷமும் கூட்டுறவுச் சங்கத்துக்கு அடகு போயின. கடைசியில் ஒரு வருஷம் மீட்கவே இல்லை. வயலில் இறங்கிய கூலிப் பெண்கள் பாக்கிக்காக வாசலில் வந்து நிற்பார்கள். அண்ணி வந்த பிறகு நடவு முடிந்த சாயங்காலமே கூலி கையில் கொடுக்கிறார். சனிக்கிழமை சம்பளம் தவறாத ஊரில் உழைத்தவருக்கு, கூலியைப் பாக்கி வைப்பது ஆகாது.

நிலம் இன்னும் தாத்தா பெயரில்தான் கிடக்கிறது. பட்டா மாற்றவே யாருக்கும் தோன்றவில்லை. அதனால் பயிர்க்கடனுக்கும் காப்பீட்டுக்கும் ஒவ்வொரு முறையும் அலைச்சல். அந்தக் காகிதங்களுக்காகக் கிராம நிர்வாக அலுவலரிடம் நடப்பதும் அண்ணிதான். ஆனால் பட்டா மாறினாலும் அதில் அவர் பெயர் வராது. 1989-இன் தமிழ்நாட்டுச் சட்டத்திருத்தம் என்னைப் போன்ற மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு கொடுத்தது. கணவன் இருக்கும்போது மாமனார் நிலத்தில் மருமகளுக்கென்று ஒரு குழிகூடக் கிடையாது.

பாகம் பிரிக்கும்போது என் பங்கிலிருந்து ஒரு மா நிலத்தை அண்ணி பெயருக்கு எழுதிவைப்பதாக அப்பாவிடம் சொல்லிவிட்டேன். வாய்க்காலை ஒட்டிய துண்டு, வரப்பு உடைந்து கிடந்ததே, அதுதான். பத்திரம் எழுதுபவரிடமும் பேசியாயிற்று.